புயல் காலத்துல தீவுப் பயணம்: முடிவை காசு எடுக்க விடாதீங்க

அக்டோபர்ல அருபா போறோம்னு போன வாரம் அம்மாகிட்ட போன்ல சொன்னேன். "அது எங்கடி இருக்கு"ன்னாங்க. கரீபியன் கடல்ல ஒரு சின்ன தீவும்மா, வெனிசுலாவுக்கு நேர் மேல, நாங்க இருக்கிற அமெரிக்க ஊர், நார்த் கரோலினா மாநிலத்து சார்லட்ல இருந்து ஒரே ப்ளைட்டுன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பேச்சே இல்ல. அப்புறம் "புயல் காலத்துல எவளாவது புள்ளைய தூக்கிக்கிட்டு கடல் பக்கம் போவாளா, ஒரு தடவ பட்டது போதாதா"ன்னு ஆரம்பிச்சாங்க. அரை மணி நேரம் ஆச்சு அவங்க முடிக்க.

எங்க ஊர் பண்ருட்டி. 2011 டிசம்பர் 30 விடியக்காலம் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல கரையைக் கடந்துச்சு. நான் அப்போ சென்னைல வேலைல இருந்தேன், பொங்கலுக்கு ஊருக்குப் போனப்பதான் பாத்தேன். பஸ் ஜன்னல் வழியா ரெண்டு பக்கமும் முந்திரிக்காடு மொத்தமும் ஒரே திசைல படுத்துக் கிடந்துச்சு. எங்க கொல்லையில தாத்தா வெச்ச பலா மரம் வேரோட பேந்து, வேர்க்கட்டு ஆள் உயரத்துக்கு நிமிந்து நின்னுச்சு, அதுல ஒட்டியிருந்த செம்மண்ணு இன்னும் ஈரமா இருந்துச்சு. அப்பா அந்தக் குழி ஓரத்துல உக்காந்திருந்தாரு. ஒரு வார்த்தை பேசல. நெல்லுன்னா அடுத்த போகம் இருக்கு, பலாவும் முந்திரியும் அப்படி இல்ல, திரும்ப வெச்சு காய் பாக்க எத்தனையோ வருஷம். அதனால எங்க வீட்ல புயல்னா டிவில பாத்துட்டு சேனல் மாத்துற விஷயம் கிடையாது. கார்த்திகை மார்கழி வந்தாலே கடலூர் துறைமுகத்துல எத்தனாம் நம்பர் கூண்டு ஏத்திருக்காங்கன்னு அப்பா ரேடியோல கேப்பாரு, அதுக்கப்புறம்தான் சாப்பாடு.

அப்படிப்பட்ட வீட்ல பொறந்துட்டு 2022 செப்டம்பர்ல நான் செஞ்ச காரியம் இன்னும் உறுத்துது. அதை சொல்லாம மத்ததை சொல்ல முடியாது.

அந்த வருஷம் என் விசா ஸ்டாம்பிங், அதாவது பாஸ்போர்ட்ல குத்துற முத்திரை, காலாவதி ஆகியிருந்துச்சு. ஹெச்1பிங்கிற அமெரிக்க வேலை விசால இருக்கிறவங்களுக்கு இது தெரியும், வெளிநாட்டுக்குப் போனா திரும்பி வர விசா முத்திரை வேணும், அது இல்லன்னா அமெரிக்காவுக்குள்ளயே சுத்த வேண்டியதுதான். அதனால நம்ம ஆளுங்க நிறைய பேர் போற மாதிரி நாங்களும் போர்ட்டோ ரீக்கோ போலாம்னு முடிவு பண்ணோம். அதுவும் கரீபியன் தீவுதான், ஆனா அமெரிக்காவோட பகுதி, உள்நாட்டு ப்ளைட் மாதிரிதான், பாஸ்போர்ட் சிக்கல் இல்ல. செப்டம்பர்ல டிக்கெட்டும் தங்குற இடமும் டிசம்பர் விலைல பாதிகூட இல்ல. ஏன் அவ்ளோ மலிவுன்னு யோசிக்கணும்ல, நான் யோசிக்கல. அங்க தலைநகரம் சான் ஹுவான்ல சான்டுர்சேங்கிற ஏரியால மாடி அபார்ட்மென்ட் ஒண்ணு, கேன்சல் பண்ணா காசு திரும்பாது, அதனால இன்னும் நூறு டாலர் கம்மி. மொத்தம் 1,100 டாலர் முன்னாடியே கட்டியாச்சு. இன்சூரன்ஸ் எடுக்கல. ப்ளைட் செப்டம்பர் 16, வெள்ளிக்கிழமை.

புதன் ராத்திரி புயலுக்கு ஃபியோனான்னு பேர் வெச்சாங்க. வியாழன் காலைல எழுந்ததும் லேப்டாப்பைத் திறந்து இன்சூரன்ஸ் தேடினேன். அப்பதான் புரிஞ்சுது. புயலுக்கு பேர் வெச்ச நிமிஷத்துல இருந்து அது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம் ஆயிடுது, அதுக்கப்புறம் வாங்குற பாலிசி அந்தப் புயலுக்கு ஒரு பைசா தராது. வீடு பத்திக்கிட்டு எரியும்போது தீ இன்சூரன்ஸ் வாங்க முடியாதுல்ல, அதே கதைதான். ஏர்லைனுக்கு போன் பண்ணோம், ப்ளைட் கிளம்புது மேடம், கிளம்புற ப்ளைட்டுக்கு பணம் வராதுன்னாங்க. தங்குற இடத்துக்காரர் ஒரே வரில நோ சொல்லிட்டாரு. நானும் வீட்டுக்காரரும் சமையல் மேடை பக்கத்துல நின்னு பேசினது அப்படியே ஞாபகம் இருக்கு. "இப்ப வெறும் டிராபிகல் ஸ்டார்ம்தானே, ஹரிக்கேன்கூட இல்லயே"ன்னு இவரு. ஹரிக்கேன்னா அதைவிட பலமான புயல். "ஆமா, சான் ஹுவான் வடக்குப் பக்கம்தானே, அது தெக்கால போகுதுன்னுதானே போட்டிருக்கான்"ன்னு நானு. ரெண்டு பேரும் பேசினது புயலைப் பத்தியே இல்ல. அந்த 1,100 டாலரைப் பத்தி. காசு முடிவெடுத்துச்சு, நாங்க பெட்டியைக் கட்டினோம்.

சனிக்கிழமை சாயங்காலம் கீழ் வீட்ல இருந்து ஒரு அம்மா மேல வந்து கதவைத் தட்டினாங்க. எழுபது வயசு இருக்கும். கைல ரெண்டு காலி பெயின்ட் வாளி, கழுவி வெச்சது. அவங்க பாதி ஸ்பானிஷ் பாதி இங்கிலீஷ்ல பேசினது இதுதான், தண்ணி பிடிச்சு வை, இப்பவே பிடி, கரண்ட் போனா மோட்டார் ஓடாது, தண்ணியும் போயிடும். எங்ககிட்ட பிடிச்சு வைக்க ஒரு பாத்திரம்கூட இல்லன்னு அவங்களுக்கு எப்படியோ தெரிஞ்சிருந்துச்சு. உள்ள வந்து பால்கனில இருந்த ரெண்டு நாற்காலியையும் துணி காயப்போடுற கயித்தால கம்பியோட சேத்து கட்டினாங்க. அப்புறம் ஃப்ரீசரைத் திறந்து, ஒரு டம்ளர்ல தண்ணி ஊத்தி வைக்கச் சொல்லி, உறைஞ்சதும் அது மேல ஒரு சில்லறைக் காசு வைன்னு சொன்னாங்க. எதுக்குன்னா, காசு மேலயே இருந்தா உள்ள இருக்கிறது நல்லா இருக்குன்னு அர்த்தம். காசு அடில போய் உறைஞ்சிருந்துச்சுன்னா கரண்ட் இல்லாம எல்லாம் உருகி, திரும்ப உறைஞ்சிருக்கு, தூக்கிப் போட்டுடணும். எவ்ளோ எளிமையான வேலை பாருங்க. எங்க ஊர்ல தானே புயல் சமயத்துல யாருக்கும் இது தெரியாது. இப்ப சென்னைல, கடலூர்ல இருக்கிறவங்க எல்லாருக்கும் நான் இதை சொல்லிக்கிட்டே இருக்கேன்.

ஞாயித்துக்கிழமை, செப்டம்பர் 18, மதியம் ஒரு மணி வாக்குல கரண்ட் போச்சு. எங்க தெருவுல மட்டும் இல்ல, தீவு முழுக்க, கிட்டத்தட்ட 15 லட்சம் இணைப்பும். அப்புறம் சாயங்காலம் தீவோட தென்மேற்கு மூலைல புயல் கரையைத் தொட்டுச்சு. வெறும் கேட்டகரி 1. ஆனா காத்து இல்ல அங்க அழிச்சது, மழை. தெக்குப் பக்கம் சில இடங்கள்ல 20 இன்ச்சுக்கு மேல, அதாவது அரை மீட்டர் தண்ணி வானத்துல இருந்து கொட்டிருக்கு. உத்துவாதோங்கிற மலை ஊர்ல 2017 மரியா புயல்ல போன பாலத்துக்கு பதிலா போட்டிருந்த இரும்புப் பாலம் அப்படியே ஆத்தோட போச்சு. அந்த வீடியோவை நிறைய பேர் பாத்திருப்பீங்க. கேட்டகரி நம்பர் காத்தோட வேகத்தை மட்டும்தான் சொல்லும், மணிக்கு 74 மைல்ல இருந்து 95 மைல் வரைக்கும் ஒண்ணு, 157க்கு மேல அஞ்சு, அவ்ளோதான். மழை எவ்ளோ, கடல் எவ்ளோ உள்ள வரும், எதுவும் அந்த நம்பர்ல கிடையாது. "ஒண்ணுதானே"ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

எங்களுக்கு அடி எதுவும் படல. ராத்திரி முழுக்க மழை, ஜன்னல் ஓரம் தண்ணி கசிஞ்சு உள்ள வந்துச்சு, துண்டை வெச்சு வெச்சு பிழிஞ்சோம், பொண்ணு அழாம என் மடில தூங்கிட்டா. மழை விட்டதும் அந்த ஊர் குட்டித் தவளை, கோக்கீம்பாங்க, அது பேரை அதுவே கத்தும், ஆயிரக்கணக்குல கத்த ஆரம்பிச்சுது. அது கூட சேந்து தெரு முழுக்க ஜெனரேட்டர் சத்தம், டீசல் நாத்தம்.

திங்கக்கிழமை ப்ளைட் கேன்சல். அடுத்தது புதன்தான்னுட்டாங்க. காலைல நான் தெருமுனைக் கடைக்குப் போனேன், பொண்ணுக்கு பால் கெட்டுப் போகக்கூடாதுன்னு ரெண்டு பை ஐஸ் வாங்கினேன். அதுதான் கடைசி ரெண்டு. எனக்குப் பின்னாடி வரிசைல நின்னவங்களுக்கு இல்லன்னு கடைக்காரர் கையை விரிச்சாரு. திரும்பி வந்து மாடி ஏறும்போது அந்த அம்மா வாசல்ல ஒரு காலி கூலர் பெட்டியோட நின்னாங்க, கடைக்கு கிளம்பிட்டு இருந்தாங்க. எதுக்குன்னு கேட்டேன். அவங்க அக்கா கூட இருக்காங்க, எண்பது வயசு, இன்சுலின் போடுறவங்க, அது சூடு ஏறாம இருக்க ஐஸ் வேணும்னாங்க.

ரெண்டு பையையும் அங்கயே அவங்க பெட்டில கொட்டினேன். அது பெரிய விஷயம் இல்ல, யாரா இருந்தாலும் அதான் செய்வாங்க. ஆனா அந்த வரிசைல எனக்குப் பின்னாடி நின்ன மத்தவங்க வீட்ல யார் இருந்தாங்கன்னு எனக்குத் தெரியாது. நான் அந்தத் தெருவுல இருக்க வேண்டிய ஆளே இல்ல. வெள்ளிக்கிழமை நான் வீட்லயே இருந்திருந்தா அந்த ஐஸ், அந்த ரெண்டு வாளித் தண்ணி, புதன்கிழமை ப்ளைட்ல அந்த மூணு சீட், எல்லாம் வேற யாருக்கோ போயிருக்கும்.

அன்னிக்கு ராத்திரி மெழுகுவத்தி வெளிச்சத்துல அந்த அம்மா கேஸ் அடுப்புல காபி போட்டு குடுத்தாங்க, மரியா பத்தி சொன்னாங்க. 2017 செப்டம்பர் 20. மறுநாள் வந்தா சரியா அஞ்சு வருஷம். அவங்க தெருவுக்கு கரண்ட் வர நாலு மாசம் ஆச்சாம், மலை கிராமங்கள்ல கிட்டத்தட்ட ஒரு வருஷம். முதல்ல 64 பேர்தான் செத்தாங்கன்னு சொன்ன அரசாங்கம், அடுத்த வருஷம் 2,975ன்னு ஒத்துக்கிச்சு. அதுல நிறைய பேர் காத்துலயும் தண்ணிலயும் போனவங்க இல்ல, பின்னாடி கரண்ட் இல்லாம, மருந்து இல்லாம, டயாலிசிஸ் இல்லாம மெதுவா போனவங்கன்னு அந்த அம்மா சொன்னப்ப அந்த இன்சுலின் பெட்டி அவங்க கால்கிட்டதான் இருந்துச்சு.

சரி. இவ்ளோ பட்டுட்டு திரும்ப ஏன் போறீங்கன்னு அம்மா கேக்குறதுல தப்பே இல்ல. அவங்களுக்கு நான் சொன்ன பதில் இதுதான். அந்தத் தீவுங்க பொழைக்கிறதே டூரிஸ்ட்டை நம்பித்தான், செப்டம்பர் அக்டோபர்ல ஹோட்டல் காலியா கிடந்தா அங்க ரூம் துடைக்கிற பொம்பளைக்குதான் முதல்ல வேலை போகும். அதனால போறது தப்பு இல்ல. போக வேண்டாம்னு தோணுற நிமிஷத்துல நிறுத்த முடியாத மாதிரி போறதுதான் தப்பு. அதனால இந்த தடவ முதல் வேலையா காசு சமாசாரத்தை முடிச்சேன், தீவைத் தேர்ந்தெடுத்ததே அதுக்கப்புறம்தான்.

காசு எப்படின்னா, ஜூன்ல டிக்கெட் போட்ட அதே வாரத்துல இன்சூரன்ஸ் எடுத்துட்டேன். சாதாரண பாலிசி புயலுக்கு காசு தரும், ஆனா எப்போ தரும்னா ஏர்லைன் நிறுத்தினா, ஹோட்டல் தங்க முடியாத நிலைக்குப் போனா, அரசாங்கம் வெளிய போகச் சொன்னா, இப்படி ஏதாவது நடந்தாதான். "எனக்கு பயமா இருக்கு, போகல"ன்னா தராது. ஆனா நம்ம பிரச்சனையே அந்த பயம்தானே, ப்ளைட் கிளம்புது ஆனா போக மனசு இல்லங்கிற நிலைமை. அதுக்குன்னு தனியா ஒண்ணு இருக்கு, எந்தக் காரணத்துக்கும் கேன்சல் பண்ணலாம்ங்கிற பாலிசி, கேன்சல் ஃபார் எனி ரீசன்னு கேளுங்க. விலை கூடுதல், எங்களுக்கு சாதாரணதுக்கு 190 டாலர் கேட்டாங்க, இதுக்கு 285 ஆச்சு. முழுசா திரும்பாது, எங்களோடது 75 சதவீதம், சில கம்பெனில 50தான். ரெண்டு கண்டிஷன் முக்கியம். முதல் தடவ காசு கட்டின நாள்ல இருந்து ரெண்டு மூணு வாரத்துக்குள்ள வாங்கிடணும், எங்க பாலிசில 14 நாள். அப்புறம் கேன்சல் பண்றதா இருந்தா கிளம்புற நேரத்துக்கு 48 மணி நேரம் முன்னாடியே பண்ணணும். இந்த 48 மணி நேரக் கணக்கை நிறைய பேர் கவனிக்கிறதே இல்ல, ஏர்போர்ட் போற அன்னிக்கு காலைல முழிச்சுக்குறாங்க.

ஹோட்டல் கேன்சல் பண்ணா காசு திரும்பற மாதிரிதான் போட்டிருக்கேன், 3 நாள் முன்னாடி வரைக்கும். ராத்திரிக்கு 30 டாலர் அதிகம். 2022ல நூறு டாலர் மிச்சம் பிடிக்கப்போய் என்ன ஆச்சுன்னு பாத்தாச்சு. ப்ளைட்டைப் பொறுத்தவரைக்கும் ஏர்லைனே கேன்சல் பண்ணா, நீங்க மாத்து ப்ளைட் வேண்டாம்னு சொன்னா, எந்த வகை டிக்கெட்டா இருந்தாலும் காசை கார்டுக்கே திருப்பித் தரணும், இது அமெரிக்க சட்டம். உள்நாட்டு ப்ளைட் 3 மணி நேரம், வெளிநாட்டு ப்ளைட் 6 மணி நேரம் தாமதமானாலும் இதே உரிமை இருக்கு. கவுன்டர்ல வவுச்சர் நீட்டுவாங்க, வாங்கிடாதீங்க, கார்டுக்கு வேணும்னு கேளுங்க.

இப்ப தீவு. அட்லாண்டிக் ஹரிக்கேன் சீசன் ஜூன் 1ல இருந்து நவம்பர் 30 வரைக்கும், ஆனா உச்சம்னு பாத்தா செப்டம்பர் 10 வாக்குல. ஆகஸ்ட் நடுவுல இருந்து அக்டோபர் நடு வரைக்கும்தான் பெரும்பாலானது வரும். சராசரியா ஒரு வருஷத்துக்கு 14 புயலுக்கு பேர் வைக்கிறாங்க, அதுல 7 ஹரிக்கேன் ஆகும், 3 பெரிய ஹரிக்கேன் ஆகும். இது எல்லாம் கரீபியன்ல எல்லா இடத்துலயும் சமமா விழறது இல்ல. ஆப்பிரிக்கா பக்கத்துல இருந்து மேற்கா வர புயல், பெரும்பாலும் கொஞ்சம் கொஞ்சமா வடக்கால வளையும். அதனால வடக்குப் பக்கத் தீவுகள், போர்ட்டோ ரீக்கோ, வர்ஜின் ஐலண்ட்ஸ், பஹாமாஸ் இதெல்லாம் பாதைலயே உக்காந்திருக்கு. அருபா, பொனேர், குராசாவ் மூணும் 12 டிகிரி அட்சரேகை கிட்ட, தென் அமெரிக்கா கரையை ஒட்டி இருக்கு. அங்க கிழக்குல இருந்து அடிக்கிற பலமான வணிகக் காத்தும் (ட்ரேட் விண்ட்), பக்கத்துல இருக்கிற நிலமும் சேந்து புயலை அந்தப் பக்கம் வளர விடறது கம்மி. டிரினிடாடும் டொபாகோவும்கூட கிட்டத்தட்ட இதே வரிசைதான்.

ஆனா "ஹரிக்கேன் பெல்ட்டுக்கு வெளிய"ன்னு விளம்பரத்துல போடுறதைப் பாத்து நிம்மதியா தூங்கிடக்கூடாது. கிரெனடாவையும் அப்படித்தான் சொல்லிட்டு இருந்தாங்க. 1955 ஜேனட் புயலுக்கு அப்புறம் அம்பது வருஷம் அங்க பெருசா எதுவும் இல்ல, 2004 செப்டம்பர்ல ஐவன் வந்து தீவுல பத்துல ஒம்போது வீட்டை சேதப்படுத்திட்டு போச்சு. 2024 ஜூலை 1, சீசன் ஆரம்பிச்சு ஒரே மாசம், கிரெனடாவோட சேந்த கரியாகூ தீவை பெரில் கேட்டகரி 4ஆ வந்து அடிச்சுது, ஒரு நாளுக்குள்ளயே கேட்டகரி 5 ஆயிடுச்சு, அவ்ளோ சீக்கிரமா ஒரு சீசன்ல கேட்டகரி 5 ஆனது அட்லாண்டிக்ல அதுதான் முதல் தடவ. குராசாவ்ல 2010 நவம்பர் ஆரம்பத்துல தோமஸ் புயல் தள்ளிப் போகும்போதே கொட்டின மழைல வெள்ளம். அதனால அருபான்னா ஆபத்து கம்மி, அவ்ளோதான் நான் சொல்லுவேன். வீட்லயே இருந்தா மட்டும் என்ன, 2024 செப்டம்பர் கடைசில ஹெலீன் புயல் ஃப்ளோரிடால கரையேறி எங்க மாநிலத்துலயே ஆஷ்வில்லை, கடலே கண்ணுக்கு எட்டாத மலை ஊரை, முக்கி எடுத்துட்டுப் போச்சே.

விசா விஷயம் ஒண்ணு சொல்லிடறேன், நம்ம ஆளுங்க இதுல மாட்டிக்கிறாங்க. இந்திய பாஸ்போர்ட் வெச்சிருந்தாலும் செல்லுபடியாகுற அமெரிக்க மல்டிபிள் என்ட்ரி விசாவோ கிரீன் கார்டோ இருந்தா அருபாவுக்கு தனி விசா வேண்டாம். திரும்பும்போது அமெரிக்க இமிக்ரேஷனை அருபா ஏர்போர்ட்லயே முடிச்சுடுவாங்க, இங்க இறங்கினா உள்நாட்டு ப்ளைட் மாதிரி வெளிய வந்துடலாம். ஆனா ஹெச்1பி ஸ்டாம்பிங் முடிஞ்சிருந்தா தயவு செஞ்சு போகாதீங்க. கனடா, மெக்சிகோவுக்கு சின்ன பயணம் போயிட்டு முடிஞ்ச முத்திரையோட திரும்ப வர ஒரு சலுகை இருக்குல்ல, அது கரீபியன் தீவுக்கு ஹெச்1பிகாரங்களுக்கு கிடையாது. புயல் இல்லாமயே அங்க மாட்டிக்குவீங்க. எனக்கு போன வருஷம் சென்னைல புது முத்திரை கிடைச்சுடுச்சு, அதனாலதான் அருபா.

அப்புறம் மேப் படிக்கிறது. யூடியூப்ல கலர் கலரா கோடு போட்டு பயமுறுத்துறவங்களை விட்டுடுங்க. மியாமில இருக்கிற நேஷனல் ஹரிக்கேன் சென்டர் சைட் ஒண்ணு போதும். புயல் எதுவும் இல்லாத நாள்லயும் காலைல 8, மதியம் 2, ராத்திரி 8, நடுராத்திரி 2 மணிக்கு அடுத்த 7 நாளுக்கு ஒரு மேப் போடுவாங்க, மஞ்சள்னா 40 சதவீதத்துக்கு கீழ, ஆரஞ்சுன்னா 60 வரைக்கும், சிவப்புன்னா அதுக்கு மேல. புயல் உருவானப்புறம் 5 மணி, 11 மணி, காலைலயும் சாயங்காலம் ராத்திரியும், புதுசு புதுசா அறிவிப்பு வரும். அதுல கூம்பு மாதிரி ஒரு வெள்ளைப் படம் வரும் பாருங்க, அதைத்தான் நானும் 2022ல தப்பாப் படிச்சேன். அந்தக் கூம்பு புயலோட அகலம் இல்ல. புயலோட நடுப்புள்ளி எந்தப் பக்கம் போகலாம்கிற கணக்கு, அதுவும் மூணுல ரெண்டு தடவதான் அதுக்குள்ள இருக்கும். மழையும் காத்தும் கூம்புக்கு வெளிய எவ்ளோ தூரம் வேணா இருக்கலாம். கூம்புக்கு வெளிய இருக்கோம்னு சந்தோஷப்படுறதுல அர்த்தமே இல்ல.

எங்க கணக்கு இப்ப இப்படி. ப்ளைட் அக்டோபர் 9, வியாழன், காலைல 10 மணி. 48 மணி நேரம் முன்னாடின்னா 7ஆம் தேதி காலை 10. அதனால 6ஆம் தேதி திங்கக்கிழமை ராத்திரி 8 மணி மேப்தான் கடைசி. தெற்கு கரீபியன்லயோ, நாங்க திரும்பி வர வழிலயோ ஆரஞ்சோ சிவப்போ ஏதாவது இருந்தா அன்னிக்கு ராத்திரியே கேன்சல், பேச்சுக்கே இடமில்ல. இதை ஒரு பேப்பர்ல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போட்டு ஃப்ரிட்ஜ்ல ஒட்டிட்டோம், ஏன்னா அந்த ராத்திரி பெட்டி கட்டி வாசல்ல இருக்கும், பொண்ணு நீச்சல் டிரஸ்ஸைப் போட்டுக்கிட்டு வீட்ல சுத்திட்டு இருப்பா, அப்ப மனசு எப்படி பேசும்னு எனக்கு நல்லாத் தெரியும். நஷ்டம் வந்தா நாங்க இழக்கப்போறது சுமார் 600 டாலர். அந்த 600ஐ இப்பவே போனதா கணக்குல எழுதிட்டேன்.

போனா என்ன பண்ணப்போறோம்னா ஈகிள் பீச் பக்கத்துல தங்குறோம், அரிகோக் நேஷனல் பார்க்ல ஒரு நாள், மீதி கடல்தான். அக்டோபர்ல அங்க காத்து கொஞ்சம் அடங்கி புழுக்கமா இருக்கும், கொசுவும் இருக்கும், அதுக்கு மருந்து எடுத்துக்கணும். மழைக்காலம் அங்க அப்பதான் ஆரம்பிக்குது, ஆனா வருஷம் முழுக்க சேத்தாலே அரை மீட்டர் மழை வர்றது கஷ்டம், கள்ளிச்செடியா இருக்கிற ஊர், குடிக்கிற தண்ணியே கடல்தண்ணியை சுத்திகரிச்சு எடுக்கிறதுதான். மடிக்கிற தண்ணிக் கேன் ரெண்டு வாங்கி பெட்டில வெச்சிருக்கேன், டார்ச், பவர் பேங்க், பொண்ணோட மருந்து ரெண்டு வாரத்துக்கு, கொஞ்சம் கைக்காசு டாலரா. கரண்ட் போனா கார்டு மெஷின் ஓடாது, சான் ஹுவான்ல மூணு நாள் கைக்காசுதான் செல்லுபடியாச்சு.

அப்பாகிட்ட அருபாவோட திவிதிவி மரத்து போட்டோவை அனுப்பிவிட்டேன். வருஷம் முழுக்க ஒரே பக்கத்துல இருந்து காத்து அடிக்கிறதால அந்த மரம் தலைய ஒரே பக்கமா சாச்சுக்கிட்டே வளருது, மேல எல்லாம் படுத்த மாதிரி. அப்பா ரொம்ப நேரம் பாத்திருக்காரு. "இது விழாதும்மா, இது காத்தோட பழகிடுச்சு"ன்னு சொன்னாரு. அப்புறம் அந்த மியாமி மேப் எப்படிப் பாக்கிறதுன்னு கேட்டாரு, வீடியோ கால்ல பேரப்பொண்ணுதான் சொல்லிக் குடுத்தா. இப்ப தினமும் பண்ருட்டில இருந்து பாக்குறாரு, ரேடியோல கூண்டு நம்பர் கேட்ட மாதிரியே.

சான்டுர்சே அம்மாவுக்கு ஒவ்வொரு செப்டம்பரும் வாட்ஸ்அப்ல மெசேஜ் போடுவேன், இந்த வருஷம் ஆகஸ்ட்லயே போட்டுட்டேன். தண்ணி நிரப்பின அஞ்சு வாளி வரிசையா நிக்கிற போட்டோ பதிலா வந்துச்சு. அவங்க அக்கா இப்ப இல்ல, போன வருஷம் தூக்கத்துலயே போயிட்டாங்கன்னு எழுதியிருந்தாங்க.

நேத்து ராத்திரி அப்பா வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாரு, பின்னாடி அம்மா எதையோ தாளிக்கிற சத்தம் கேக்குது. "ஆப்பிரிக்காவ தாண்டி மஞ்சளா ஒண்ணு போட்டிருக்கான்மா. இருபது சதவீதம். பாத்தியா?"

பாத்துட்டேன்பான்னு அனுப்பினேன்.